நாற்றங்காலில் வளரும் கம்பி: வாசகர் கேள்விகள்

போன இதழில் நானோ கம்பிகளில் மீக்கடத்துத்திறன் (மின்தடையே இல்லாமல் மின்சாரம் போவது) என்று அரைப் பக்கம் எழுதினேன். தலைமுடியைவிடப் பல நூறு மடங்கு மெல்லிய கம்பி, அதில் ஒரு சந்தி (இரண்டு பொருள்கள் ஒட்டும் இடம்), அங்கே வழக்கத்துக்கு மாறான ஒரு மீக்கடத்தல் என்று நான் பாட்டுக்கு ஓட்டிவிட்டேன். புரியவில்லை என்று திட்டித்தான் பாதிக் கடிதங்கள். தப்பு என்னுடையதுதான், அதனால் இந்த மாதம் முழுக்க இதுவே. சமையல், ஜோசியம் கேட்டவர்கள் அடுத்த மாதம் வரை பொறுத்துக்கொள்ளுங்கள் (ஜோசியம் அப்போதும் கிடையாது).

மின்தடையே இல்லாமல் மின்சாரம் போகும் என்று எழுதியிருந்தீர்கள். முப்பத்திரண்டு வருஷம் லைனில் வேலை பார்த்தவன் நான், லாஸ் இல்லாத லைனை இதுவரை பார்த்ததில்லை. கொஞ்சம் பார்த்து எழுதுங்கள் சார்.
*ஓய்வு பெற்ற லைன்மேன், திருத்துறைப்பூண்டி*

நீங்கள் கடைமடைக்காரர், உங்களுக்குச் சொல்வது சுலபம். ஜூன் 12 மேட்டூரில் திறக்கிற தண்ணீர் கல்லணைக்கு வந்து, வெண்ணாற்றில் பிரிந்து, உங்கள் ஊர் வாய்க்காலுக்கு வந்து சேர்வதற்குள் மணலில் இறங்குவது, வெயிலில் போவது, வழியில் இறைப்பது எல்லாம் போக மிச்சம்தான் உங்களுக்கு. செம்புக் கம்பியிலும் அலுமினியக் கம்பியிலும் எலக்ட்ரான்களுக்கு அதே கதிதான். அணுக்களின் அதிர்விலும் அழுக்கிலும் முட்டி மோதி ஆற்றலை வெப்பமாக விட்டுவிட்டு வருகின்றன. 1911-இல் நெதர்லாந்தின் லெய்டன் நகரில் காமர்லிங் ஓன்னஸ் பாதரசத்தைக் குளிர்வித்துக்கொண்டே போனார். 4.2 கெல்வினில், அதாவது கிட்டத்தட்ட மைனஸ் 269 டிகிரி செல்சியஸில், மின்தடை திடீரென்று விழுந்து காணாமல் போனது. குறையவில்லை ஐயா, இல்லாமலே போனது. அப்படிப்பட்ட வளையத்தில் ஒரு முறை மின்னோட்டத்தை ஏற்றிவிட்டால் பேட்டரி எதுவும் இல்லாமல் வருஷக்கணக்கில் சுற்றிக்கொண்டிருக்கும்.

லைனாகவும் போட்டிருக்கிறார்கள். ஜெர்மனியின் எஸ்ஸென் நகரில் 2014-இல் ஒரு கிலோமீட்டர் நீளத்துக்கு 10,000 வோல்ட் மீக்கடத்திக் கேபிள், திரவ நைட்ரஜன் குளிரில், பூமிக்கு அடியில். கஜா புயலில் கம்பம் கம்பமாகச் சாய்ந்ததை நிமிர்த்தியவர் நீங்கள், பூமிக்கு அடியில் என்பதே உங்களுக்குப் பாதி நிம்மதியாக இருக்கும். ஆனால் அந்தக் குளிரைப் பராமரிக்க ஆகும் செலவைப் பார்த்தால் நம் பக்கம் இப்போதைக்கு வராது.

தஞ்சாவூரில் எம்.ஆர்.ஐ. ஸ்கேன் எடுத்தேன். அந்த மெஷினை ராத்திரிகூட ஆஃப் பண்ண மாட்டார்களாமே? அந்த 'டக் டக்' சத்தம்தான் மீக்கடத்தியா?
*இல்லத்தரசி, பாபநாசம்*

முதல் பாதி சரி. உள்ளே நியோபியம்-டைட்டானியம் கம்பிச் சுருள் திரவ ஹீலியத்தின் குளிரில் இருக்கிறது. ஏற்றிவிட்ட மின்னோட்டம் தானாகச் சுற்றிக்கொண்டே இருப்பதால் காந்தம் இரவு பகல் எப்போதும் உயிரோடுதான் இருக்கும், அதனால்தான் சாவிக் கொத்தை வெளியே வைக்கச் சொல்கிறார்கள். சத்தம் வேறு. அது பக்கத்தில் இருக்கும் சாதாரணச் சுருள்களை மாற்றி மாற்றி இயக்கும்போது அவை உதறுகிற சத்தம். மீக்கடத்தி பாவம், வாயே திறக்காது.

'வழக்கத்துக்கு மாறான' என்றால் எந்த வழக்கம்? எங்கள் பாடப் புத்தகத்தில் கூப்பர் ஜோடி என்று ஒரு பத்தியோடு முடித்துவிட்டார்கள் சார்.
*பி.எஸ்சி. இயற்பியல் மாணவி, கும்பகோணம்*

அந்த ஒரு பத்திதான் வழக்கம். 1957-இல் பார்டீன், கூப்பர், ஷ்ரீஃபர் மூவரும் சொன்னது: குளிர்ந்த உலோகத்தில் எலக்ட்ரான்கள் இரண்டிரண்டாக ஜோடி சேர்கின்றன, ஜோடிகள் எல்லாம் சேர்ந்து ஒரே அலையாக நகர்கின்றன, அதனால் தனி எலக்ட்ரான் மாதிரி முட்டி மோதிச் சிதறுவதில்லை. ஜோடியில் ஒன்றின் தற்சுழற்சி (ஸ்பின் என்பார்கள், எலக்ட்ரானுக்குள்ளேயே இருக்கும் சின்னக் காந்த முள் மாதிரி) மேல் நோக்கி, இன்னொன்றுக்குக் கீழ் நோக்கி.

ஏரில் மாடு பூட்டுவதைப் பார்த்திருப்பாய், இல்லாவிட்டால் தாத்தாவிடம் கேள். இடப்பக்கம் பழகிய மாடு ஒன்று, வலப்பக்கம் பழகிய மாடு ஒன்று, அப்படித்தான் ஒரு ஏர். இரண்டும் இடத்து மாடாக இருந்தால் நுகத்தடியில் நிற்காது. சாதாரண மீக்கடத்தி இந்த மாதிரி: எதிரெதிர் தற்சுழற்சி, எல்லாத் திசையிலும் ஒரே மாதிரி. இதற்கு எஸ்-அலை என்று பெயர். உவமை ஓரிடத்தில் உடையும், அதையும் சொல்லிவிடுகிறேன். மாடுகள் பக்கத்தில் பக்கத்தில் நிற்கும். அலுமினியத்தில் ஒரு ஜோடியின் இரண்டு எலக்ட்ரான்களுக்கு இடையே ஆயிரம் நானோமீட்டருக்கு மேல் தூரம், நடுவில் எத்தனையோ லட்சம் பிற ஜோடிகள். திருவையாற்று ஆராதனைக் கூட்டத்தில் புருஷன் ஒரு மூலை பெண்டாட்டி ஒரு மூலை, ஆனால் இருவரும் ஒரே தாளத்தில் தலையாட்டுகிற மாதிரி.

இந்த வழக்கத்தை மீறினால் அது மாறானது. 1986-இல் பெட்நோர்ஸும் முல்லரும் கண்டுபிடித்த செம்பு ஆக்சைடு வகையில் ஜோடியின் அலை, திசைக்குத் திசை குறி மாறும். அது டி-அலை. (அந்தப் பொருள்களை விளக்க 1987-இல் பி. டபிள்யூ. ஆண்டர்சனோடு சேர்ந்து முதல் முயற்சிகளில் ஒன்றைச் செய்தவர் நம் ஊர் ஜி. பாஸ்கரன், சென்னைத் தரமணி கணித அறிவியல் நிறுவனத்தில் பணியாற்றியவர். உன் பாடப் புத்தகத்தில் இந்தப் பெயர் இருக்கிறதா, பார்த்துச் சொல்.) இன்னும் அபூர்வமானது பி-அலை: இரண்டும் ஒரே பக்கத் தற்சுழற்சி, இரண்டும் இடத்து மாடு. ஒரே தற்சுழற்சி உள்ள இரண்டு எலக்ட்ரான்கள் ஓரிடத்தில் இருக்க பவுலி விதி விடாது, அதனால் ஒன்றையொன்று சுற்றிக்கொண்டேதான் ஜோடியாக இருக்க முடியும். திரவ ஹீலியம்-3-இல் இப்படி நடக்கிறது என்று 1972 முதல் தெரியும், ஆனால் அதில் ஜோடி சேர்வது அணுக்கள், மின்சாரம் கிடையாது. ஸ்ட்ரோன்ஷியம் ருத்தினேட் என்ற பொருளில் 1994-இல் மீக்கடத்தல் கண்டுபிடிக்கப்பட்டபோது, மின்சாரம் கடத்துகிற பி-அலை ஒன்று கிடைத்துவிட்டது என்று கால் நூற்றாண்டு நம்பிக்கொண்டிருந்தார்கள், 2019-இல் புதிய காந்த ஒத்ததிர்வு அளவீடுகள் வந்து அந்த நம்பிக்கையின் காலை வாரிவிட்டன. இயற்கை கொடுக்கத் தயங்குகிறது, சரி, நாமே கலந்து செய்வோம் என்று கிளம்பினார்கள். நானோ கம்பிக் கதை அங்கேதான் தொடங்குகிறது.

அவ்வளவு மெல்லிய கம்பியை எந்த அச்சில் இழுக்கிறார்கள்? எங்கள் பட்டறையில் ஸ்டீல் கம்பியே பாடாய்ப் படுத்துகிறது.
*பட்டறை வைத்திருப்பவர், மன்னார்குடி*

இழுப்பதில்லை, வளர்க்கிறார்கள். எனக்கு இதில் மிகவும் பிடித்த பகுதியே இதுதான், கொஞ்சம் நீளமாகச் சொல்ல அனுமதியுங்கள்.

ஒரு படிகத் தட்டின் மேல் தங்கத்தை நுண்ணிய துளிகளாக வைப்பார்கள். சூடாக்கி, இண்டியமும் ஆன்டிமனியும் கலந்த ஆவியை மேலே விடுவார்கள். துளி ஆவியைக் குடிக்கும். குடிக்க முடியாத அளவு நிறைந்ததும் அடியில் இண்டியம் ஆன்டிமனைடு என்ற குறைக்கடத்திப் படிகமாகக் கக்கும், கக்கக் கக்கத் துளி மேலே ஏறும், அதன் தடிமனுக்கே ஒரு கம்பி கீழிருந்து முளைக்கும். 1964-இல் வாக்னரும் எல்லிஸும் சிலிக்கனில் காட்டிய வழி இது. தட்டு முழுக்க நெட்டுக்குத்தாகக் கம்பிகள் நிற்கும், நுண்ணோக்கியில் பார்த்தால் அசல் நாற்றங்கால். அப்புறம்? நாற்றுப் பறிப்பதுதான்! நுனி கூரிய ஊசியால் ஒரு கம்பியைத் தொட்டுப் பறித்து, வேறொரு சில்லின் (சிப்) மேல் வேண்டிய இடத்தில் படுக்க வைக்கிறார்கள். நடவு கெட்டால் போகம் போச்சு என்பது அங்கேயும் உண்டு.

அளவு கேட்டால், ஒரு கம்பி சுமார் 100 நானோமீட்டர் தடிமன். நம் பொன்னி அரிசி 5 மில்லிமீட்டர் நீளம் என்று வைத்துக்கொண்டால், அந்த நீளத்துக்குள் 50,000 கம்பிகளைப் பக்கம் பக்கமாக அடுக்கலாம்.

சந்தி செய்வதில் இன்னொரு அழகு. கம்பியின் மேல் அலுமினிய ஆவியைச் சாய்வாகப் படியவிடும்போது, குறுக்கே நிற்கும் ஒரு தடுப்பின் நிழல் விழுந்த இடத்தில் மட்டும் அலுமினியம் படியாது. இரண்டு பக்கமும் மீக்கடத்தி, நடுவில் வெறும் குறைக்கடத்தி. வெட்டவும் இல்லை, அரிக்கவும் இல்லை, நிழலே அறுத்துக் கொடுத்த சந்தி. உங்கள் பட்டறையில் இப்படி ஒரு ரம்பம் இருந்தால் நான் வந்து பங்கு கேட்பேன்.

அலுமினியம் சாதாரண எஸ்-அலை. இண்டியம் ஆன்டிமனைடு மீக்கடத்தியே இல்லை. இரண்டையும் ஒட்டினால் மட்டும் பி-அலை எங்கிருந்து வரும்? ஏதோ ஒரு கண்கட்டு இருக்கிறது.
*மென்பொருள் பணியாளர், சொந்த ஊர் மயிலாடுதுறை*

கண்கட்டு இல்லை, கூட்டு. நான்கு சரக்கு.

அலுமினியம் 1.2 கெல்வினுக்குக் கீழே மீக்கடத்தியாகும். அதன் மேல் ஒட்டிய கம்பிக்குள் ஜோடிகள் கொஞ்சம் கசியும், வரப்பு ஓரத்து நிலத்தில் ஈரம் ஏறுகிற மாதிரி. இது முதல் சரக்கு. இரண்டாவது, கம்பியின் குணம்: இண்டியம் ஆன்டிமனைடில் எலக்ட்ரான் எந்தப் பக்கம் ஓடுகிறதோ அதைப் பொறுத்து அதன் தற்சுழற்சி சாயும், வலப்பக்கம் ஓடினால் ஒரு சாய்வு, இடப்பக்கம் ஓடினால் எதிர்ச் சாய்வு. மூன்றாவது, கம்பியின் நீளவாக்கில் ஒரு காந்தப்புலம், தற்சுழற்சிகளை ஒரே பக்கம் பார்க்க வைக்க. இங்கே ஒரு சிக்கல், காந்தப்புலம் மீக்கடத்திக்கு எமன். அதனால்தான் இந்தக் கம்பியைத் தேர்ந்தெடுத்தார்கள். காந்தத்துக்கு எலக்ட்ரான் எவ்வளவு மசிகிறது என்பதைச் சொல்லும் எண் வெற்றிடத்தில் 2, இண்டியம் ஆன்டிமனைடில் 50 அளவுக்கு. கொஞ்சம் புலம் போதும், அலுமினியப் படலம் மிக மெல்லியதாக இருந்தால் அதையும் தாங்கிவிடும். நான்காவது, அருகே வைத்த மின்முனையால் எலக்ட்ரான்களின் அளவைக் கூட்டிக் குறைப்பது, மதகுப் பலகை போல. நான்கும் சரியாக அமைந்தால் கம்பிக்குள் மிச்சப்படும் ஜோடி பி-அலை மாதிரி நடக்கும் என்று 2010-இல் இரண்டு குழுக்கள் தனித்தனியே கணக்குப் போட்டுக் காட்டின. ஒன்றில் கொல்கத்தாவிலிருந்து மேரிலாந்து போன சங்கர் தாஸ் சர்மா இருந்தார். அதற்கு முன்பே, 2001-இல், அலெக்சி கிட்டாயேவ் ஒரு பரிமாண பி-அலைக் கம்பியின் இரண்டு முனையிலும் அரை எலக்ட்ரான் போன்ற ஒரு நிலை உட்கார்ந்திருக்கும் என்று காட்டியிருந்தார். அதற்குத்தான் மயோரானா நிலை என்று பெயர்.

அரை எலக்ட்ரானை வைத்து என்ன செய்ய? கோயில் உண்டியலுக்கு இரண்டு சாவி இருக்குமே, ஆளுக்கு ஒன்று, ஒருவர் மட்டும் வந்தால் திறக்காது. தகவலைக் கம்பியின் இரு முனையிலும் பிரித்து வைத்தால் ஒரு முனையில் நடக்கும் சில்லறைத் தொந்தரவு அதைக் கலைக்காது. குவாண்டம் கணினிக்காரர்கள் நாக்கைத் தொங்கப் போட்டது இதற்காக.

இனிதான் வம்பு. அது அங்கே இருக்கிறது என்று எப்படித் தெரிந்துகொள்வது? கம்பியின் முனையில் ஒரு சாதாரண உலோகத்தைச் சந்தியாக வைத்து மின்சாரத்தைத் தட்டிப் பார்க்கிறார்கள். மீக்கடத்தியின் வாசலில் ஜோடியாக வந்தால்தான் அனுமதி, தனியாக வரும் எலக்ட்ரான் பின்னால் நிற்கும் ஒன்றை இழுத்துக்கொண்டு உள்ளே போய்விடும், இழுபட்டதன் காலியிடம் மட்டும் வந்த வழியே திரும்பும். ஆண்ட்ரீவ் எதிரொளிப்பு என்று இதற்குப் பெயர், 1964. முனையில் மயோரானா இருந்தால் மின்னழுத்தம் சுழியாக இருக்கும் இடத்தில் கடத்தல் ஒரு முகடாக எழும்பும் என்பது கணக்கு. 2012-இல் நெதர்லாந்தின் டெல்ஃப்ட் பல்கலைக்கழகத்தில் கவ்வென்ஹோவன் குழு அந்த முகட்டைப் பார்த்தது, கட்டுரையில் முதல் பெயர் வின்சென்ட் மவுரிக். உலகமே குதித்தது.

ஆனால் யோசியுங்கள். கடைமடை வாய்க்காலில் காலையில் தண்ணீர் ஓடுகிறது. அது மேட்டூர்த் தண்ணீரா, நேற்று ராத்திரி பெய்த மழையா? தண்ணீரைப் பார்த்துச் சொல்ல முடியாது. முகடும் அப்படித்தான். கம்பியில் ஒரு அழுக்கு, ஓரத்தில் ஒரு பள்ளம், அதில் அகப்பட்ட சாதாரண ஆண்ட்ரீவ் நிலை, எல்லாமே சுழியில் முகடு காட்டும். 2018-இல் அதே டெல்ஃப்ட் குழு, முகட்டின் உயரமே கணக்குச் சொன்ன நிலையான அளவில் நிற்கிறது என்று *நேச்சர்* இதழில் எழுதியது. இயற்பியலாளர்கள் செர்கேய் ஃப்ரோலோவும் வின்சென்ட் மவுரிக்கும் முழுத் தரவைக் கேட்டு வாங்கிப் பார்த்தார்கள். ஆமாம், 2012 கட்டுரையின் முதல் பெயரான அதே மவுரிக்தான். வெளியிட்ட படங்களில் வராத பகுதிகளையும் சேர்த்துப் பார்த்தால் முடிவு நிற்கவில்லை. 2021 மார்ச்சில் ஆசிரியர்களே மன்னிப்புக் கேட்டுக் கட்டுரையைத் திரும்பப் பெற்றார்கள். முதலில் கொண்டாடப்பட்ட கட்டுரையின் முதல் பெயர்க்காரர் அடுத்த கட்டுரையின் கணக்கைத் தட்டிக் கேட்டார் பாருங்கள், எனக்கு இந்த முழுக் கதையிலும் மரியாதை வருகிற இடம் அது.

தாஸ் சர்மாவும் 2020-இல் தன் மாணவரோடு சேர்ந்து இந்த முகடுகளை மூன்று கூடைகளாகப் பிரித்தார்: அசல் மயோரானா, ஓரப் பள்ளத்தால் வருவது, வெறும் அழுக்கால் வருவது. பார்த்த முகடுகளில் பெரும்பாலானவை மூன்றாவது கூடையைச் சேர்ந்தவை என்பது அவர் கட்சி. யோசனை சொன்னவரே இப்படிச் சொன்னால் மற்றவர்கள் என்ன பேச முடியும்.

மயோரானா என்பது ஊர்ப் பெயரா?
*எட்டாம் வகுப்பு, திருவாரூர்*

ஆள் பெயர் தம்பி. எட்டோரே மயோரானா, இத்தாலியின் சிசிலிக்காரர். தனக்குத் தானே எதிர்த்துகளாக (எதிர்த்துகள் என்றால் நிறை அதே, மின்னூட்டம் நேரெதிர்) இருக்கும் துகள் ஒன்று இருக்கலாம் என்று 1937-இல் எழுதினார். அடுத்த வருஷம் மார்ச் மாதம் கப்பல் பயணத்தில் காணாமல் போனார், வயது 31. அவர் என்ன ஆனார் என்று இன்றுவரை தேடிக்கொண்டிருக்கிறார்கள், அவர் சொன்ன துகளையும்தான்.

இரண்டு பக்கமும் மீக்கடத்தி வைத்த சந்தியில் என்ன நடக்கும்? ஜோசப்சன் சந்தி என்பது இதுதானா?
*பாலிடெக்னிக் மாணவர், பட்டுக்கோட்டை*

அதேதான். 1962-இல் பிரையன் ஜோசப்சன், வயது 22, கேம்பிரிட்ஜ் மாணவர், நடுவில் மீக்கடத்தி இல்லாத மெல்லிய இடைவெளியையும் ஜோடிகள் மின்னழுத்தமே இல்லாமல் கடந்துவிடும் என்று கணக்கில் காட்டினார். 2025 நோபல் பரிசு பெற்ற கிளார்க், டெவோரே, மார்ட்டினிஸ் மூவரும் எண்பதுகளில் வேலை செய்தது இந்தச் சந்தியில்தான்.

உனக்குப் பிடிக்கிற மாதிரி ஒரு எண் தருகிறேன். இந்தச் சந்தியின் மேல் மைக்ரோ அலையை விட்டால், மின்னழுத்தம் வழவழவென்று ஏறாது, படிப்படியாக ஏறும், மகாமகக் குளத்துப் படிக்கட்டு மாதிரி. 3 கிகாஹெர்ட்ஸ் அலைக்கு ஒவ்வொரு படியும் 6.2 மைக்ரோவோல்ட். ஜோடியின் மின்னூட்டம் இரண்டு எலக்ட்ரான் என்பதால் வரும் உயரம் அது. சந்தியில் மயோரானா இருந்தால் ஒற்றை எலக்ட்ரானாகவும் கடக்கலாம், அப்போது ஒற்றைப்படைப் படிகள் மறைந்து முதல் படியே 12.4-இல் வர வேண்டும். 2012-இல் அமெரிக்காவின் பர்டூ பல்கலைக்கழகத்தில் இண்டியம் ஆன்டிமனைடு சந்தியில் முதல் படி காணாமல் போனதைப் பார்த்தார்கள். உடனே விசிலடிக்க வேண்டாம். மயோரானாவுக்கு வேலையே இல்லாத சாதாரணச் சந்தியிலும் படி மறையும் என்று 2021-இல் வேறு குழு காட்டிவிட்டது. மறுபடியும் மழைத் தண்ணீர்.

அப்போ எல்லாம் ஏமாற்று வேலை என்று நேராகச் சொல்லிவிட்டுப் போங்களேன். எதற்கு இவ்வளவு சுற்று?
*பெயர் வேண்டாம் என்றவர், நாகப்பட்டினம்*

கோபம் புரிகிறது, ஆனால் அப்படி இல்லை. மயோரானா வேறு, பி-அலை ஜோடி வேறு. முதலாவது இன்னும் வழக்கில் இருக்கிறது. மைக்ரோசாஃப்ட் 2025 பிப்ரவரியில் மயோரானா 1 என்று ஒரு சில்லை அறிவித்தபோதும், கூடவே வந்த *நேச்சர்* கட்டுரையின் மதிப்பாய்வுக் கோப்பில், இந்த முடிவுகள் மயோரானா இருப்பதற்குச் சான்று ஆகாது என்று இதழ் ஆசிரியர்களே குறித்திருந்தார்கள். விளம்பரத்தை மட்டும் படித்தவர்களுக்கு அது தெரியாது.

இரண்டாவது விஷயத்தில் கை நிறையவே கிடைத்திருக்கிறது. 2022-இல் டெல்ஃப்டில் ஒரு குழு முகட்டை நம்பாமல் ஜோடியையே பிரித்துப் பார்த்தது. மீக்கடத்தி ஒட்டிய கம்பியின் இரு பக்கமும் ஒவ்வொரு குவாண்டம் புள்ளி (ஓரிரு எலக்ட்ரான்களை அடைத்து வைக்கும் மிகச் சிறிய இடம்), வாசலில் நிற்கும் காவலாளி மாதிரி, தான் கேட்கும் தற்சுழற்சி உள்ள எலக்ட்ரானை மட்டும் விடும். உள்ளிருந்து வரும் ஜோடியில் ஒன்று இந்த வாசல், ஒன்று அந்த வாசல். சாதாரண ஜோடி என்றால் இரண்டு வாசலிலும் எதிரெதிர்தான் வர வேண்டும். இரண்டு காவலாளியும் ஒரே தற்சுழற்சியைக் கேட்டபோதும் ஜோடி வந்தது! இரண்டும் இடத்து மாடு, ஒரே நுகத்தடியில். அடுத்த வருஷம் இதையே வைத்து, கிட்டாயேவ் கணக்கில் காட்டிய கம்பியைப் புள்ளிகள் கோத்த சங்கிலியாக, இரண்டே புள்ளிகளால் மிகச் சிறிதாகக் கட்டினார்கள். கம்பி முழுக்க அழுக்கில்லாமல் வேண்டும் என்று தவம் கிடப்பதை விட்டு, புள்ளி புள்ளியாக நாமே சரி செய்துகொள்ளலாம் என்ற வழி இது. இரண்டு புள்ளியில் உண்டியல் பாதுகாப்பு அவ்வளவு இருக்காது, லேசாக அசைந்தாலும் நிலை கலையும், அதனால் துறைக்காரர்களே இதற்கு 'ஏழையின் மயோரானா' என்று செல்லப் பெயர் வைத்திருக்கிறார்கள். என்னைக் கேட்டால் பெரிய சில்லு அறிவிப்புகளைவிட இந்த ஏழையை நம்புவேன்.

அறை வெப்பநிலையில் மீக்கடத்தி என்று 2023-இல் கொரியாவில் கண்டுபிடித்தார்களே, எல்.கே-99, அது என்ன ஆச்சு?
*வாசகர், சீர்காழி*

புஸ். உள்ளே கலந்திருந்த செம்பு சல்ஃபைடு செய்த விளையாட்டு.

மாட்டுக்குச் சினை ஊசி போட வருபவர் கொண்டு வரும் கேனில் திரவ நைட்ரஜன் என்கிறார்கள். அதற்குள் போட்டால் இந்தக் கம்பி மீக்கடத்தி ஆகுமா?
*மாடு வளர்ப்பவர், ஒரத்தநாடு*

இந்த மாதத்தின் சிறந்த கேள்வி! கேனுக்குள் 77 கெல்வின், அதாவது மைனஸ் 196. நானோ கம்பிக்கு அது கொதிக்கிற வெயில், அலுமினியத்துக்கே 1.2 வேண்டும், இந்தச் சோதனைகளை 0.1 கெல்வினுக்கும் கீழேதான் செய்கிறார்கள். ஆனால் 1987-இல் வந்த இட்ரியம் பேரியம் செம்பு ஆக்சைடு 93 கெல்வினிலேயே மீக்கடத்தி ஆகிவிடும், அதுவும் வழக்கத்துக்கு மாறான டி-அலை வகை. அதில் ஒரு வில்லையை உங்கள் கேனுக்குள் இறக்கினால், ஒரத்தநாட்டு மாட்டுக் கொட்டகையில் நோபல் பரிசு பெற்ற இயற்பியல் நடக்கும். கல்லூரியில் பாடம் எடுத்த காலத்தில் நான் மாணவர்களுக்குச் செய்து காட்டியதே இப்படிக் கடன் வாங்கிய நைட்ரஜனில்தான், வில்லைக்கு மேல் சின்னக் காந்தம் ஒன்று அந்தரத்தில் நிற்க, கடன் கொடுத்த கால்நடை உதவியாளர் என் மாணவர்களைவிட அதிக நேரம் குனிந்து பார்த்துக்கொண்டிருந்தார்.

அதற்காக அவர் வரும்போது மூடியைத் திறந்து கையை விட்டுவிடாதீர்கள். விரலும் போகும், உள்ளே இருக்கிற அடுத்த வருஷத்துக் கன்றுக்குட்டிகளும் போகும்.